உப்புப் பார்க்க ஆளில்லை

11.03.2025, செவ்வாய் காலை
பாக் ஐயா வீட்டுக் குசினி, நியூ மோல்டன்

நகுலா,

இதைக் கண்டதும் கிழித்து எறிய வேண்டாம். வாசித்துவிட்டு எறியும். உம்முடைய போனில் இரண்டு வருடமாக என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறீர். வேறு வழியில்லாமல்தான், பிளாஸ்டிக் பைகள் கிடக்கும் மேசை லாச்சிக்குள் இந்தக் கடிதத்தை வைக்கிறேன்.

போன கிழமையிலிருந்து இந்த வீட்டுக்குப் பராமரிப்பு வேலைக்குக் காலையில் நான் வருகிறேன். பின்னேரம் வருவது யார் என்று வேலைக் குறிப்புக் கொப்பியைப் புரட்டினால் உம்முடைய கையெழுத்து. தம்பி பெண்சாதியின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? நாங்கள் மச்சாள்மார் என்பது ஒபிசுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவர்களுக்கென்ன, ஷிப்ட் நிரம்பினால் போதும்.

பாக் ஐயா சாப்பிடுகிறாரில்லை. ஜனவரியில் நாற்பத்தேழு கிலோ இருந்தவர். நேற்று நிறுத்துப் பார்த்தேன், நாற்பத்திரண்டரை. ஏப்ரல் ஒன்பதாம் திகதி கவுன்சிலிலிருந்து சோசல் வேர்க்கர் வருகிறார். எடை இப்படியே இறங்கினால் முதியோர் ஹோமுக்குத்தான் அனுப்புவார்களாம். கொரியப் பாஷையை விட்டால் மனிதருக்குத் தெரிந்தது இங்கிலீஷில் பத்துச் சொல். அதில் இரண்டைத்தான் என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: "நோ ஹோம்."

வீட்டிலிருந்து பன்றிக்கறி உறைப்புக் குறைத்துக் கொண்டுவந்து பார்த்தேன். மணத்ததும் வாயை மூடிக்கொண்டார். பிறகு சியோலில் இருக்கும் மகளோடு போனில் கதைத்தேன். அப்பாவுக்கு வேண்டியது சூயுக் என்றாள். பன்றியின் வயிற்றுப்பக்க இறைச்சியைக் கட்டியாகவே அவிப்பது. சோயா அவரையைப் புளிக்க வைத்த பழுப்புக் களி ஒரு கரண்டி, வெங்காயம், உள்ளி, இஞ்சி, லீக்ஸ், வாடை போக ஒரு கரண்டி கோப்பித்தூள். நம்பமாட்டீர், கோப்பித்தூள்தான்! ஒரு மணித்தியாலம் அவித்து, மெல்லிசாக வெட்டி, உப்பில் ஊறிய முட்டைக்கோவா இலையில் சுற்றிச் சாப்பிடுவார்களாம்.

எங்களுக்குத் தருவது ஒரு வரவுக்கு அரை மணித்தியாலம். அதற்குள் குளியல், மாத்திரை, பெட்சீட். ஆகவே முக்கால்வாசி நான் வீட்டில் அவித்துக் கொண்டுவந்து பிரிட்ஜில் வைக்கிறேன். மிச்சத்தை நீர் அவித்து வெட்டிக் கொடும். தவக்காலம் முடியும்வரை நான் இறைச்சி வாயில் வைப்பதில்லை. நீர் பிறந்ததிலிருந்தே பன்றி தொடாத ஆள். இந்தச் சமையலுக்கு உப்புப் பார்க்க ஆளில்லை.

ஒரு மனிதரை ஹோமில் கொண்டுபோய் விடுவது உமக்குப் பெரிய காரியமாகத் தெரியாது. எனக்குத் தெரிகிறது. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

றஜீனா

•

11.03.2025, பின்னேரம்

மச்சாளுக்கு,

கிழிக்கவில்லை. கிழிக்கவும் தெம்பு வேண்டும். இன்றைக்கு இது எனக்கு ஆறாவது வீடு.

பச்சை இறைச்சி சமைக்க எங்களுக்கு அனுமதியில்லை. மைக்ரோவேவில் சூடாக்கிக் கொடுப்பதோடு சரி. ஒபிஸ் கண்டால் இரண்டு பேருக்கும் வேலை போகும். ஆனாலும் செய்கிறேன். நேற்று அவர் மாத்திரையை விழுங்கத் தண்ணீர்க் கோப்பையைத் தூக்கினார், கை நடுங்கித் தண்ணீர் முழுக்க மடியில்.

ஒன்று சொல்லி வைக்கிறேன். பாரிசவாதம் வந்த என் புருசனை ஹோமில் விட்ட கையோடு, சேர்ச் ஹோலில் நாற்பது பேருக்கு முன்னால், "என்ரை தம்பியைக் குப்பை மாதிரிக் கொண்டுபோய் எறிஞ்சிட்டாய்" என்று கத்தினீர்கள். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. இன்றைக்கும் பதில் சொல்லப் போவதில்லை. இந்த லாச்சிக்குள் பீற்றரின் பேர் வரக்கூடாது. பன்றியைப் பற்றி மட்டும் எழுதுங்கள்.

நகுலேஸ்வரி

•

12.03.2025, புதன் காலை

நகுலா,

சரி, பன்றி மட்டும்.

நீலச் சட்டி பிரிட்ஜின் கீழ்த்தட்டில். விடிய எழும்பி அவித்தது. இருபது நிமிடம் கொதிக்கவிட்டால் போதும். கோவா இலை போத்தலில் இருக்கிறது. சின்னக் கிண்ணத்தில் இருப்பது உப்பில் போட்ட இறால் குஞ்சு, எங்களுடைய கூனி இறால் மாதிரி. அது தொட்டுக்கொள்ள. சின்னக் கத்தியால் வெட்டாமல் பெரிய கத்தியால் வெட்டும்.

றஜீனா

•

12.03.2025, பின்னேரம்

மச்சாளுக்கு,

மூடியைத் திறந்தேன். மண்ணிறத் தண்ணீர், மேலே வெள்ளையாய் உறைந்த கொழுப்பு, சாக்குக்குள் கிடந்த சப்பாத்து மணம். பன்றியை முதல் அவித்த தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று உங்கள் வீட்டில்தான் பார்த்திருக்கிறேன். கல்யாணமான புதிதில் மன்னாரில் உங்கள் அம்மா அப்படித்தான் கொட்டினா. கொட்டினேன். இறைச்சியைத் தேசிக்காய் விட்டுக் கழுவினேன். வழியில் வாங்கிய மஞ்சள்தூள் பையில் இருந்தது. புலால் மணம் போகட்டும் என்று ஒரு கரண்டி பூசி, புதுத் தண்ணீரில் அவித்தேன்.

நல்ல மஞ்சள் நிறமாக வந்தது. கோயில் திருவிழாவுக்கு உடுத்தலாம்.

ஐயா அதை நெடுநேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். "கறி" என்றார். சாப்பாட்டுக் குச்சியை மேசையில் நேராக வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அரை வாழைப்பழம் சாப்பிட வைத்தேன்.

களியும் கோப்பியும்தான் ருசி என்றால் தண்ணீரைக் கொட்டாதே என்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. என்மேல் பிழை போடாதீர்கள். எனக்குக் கால் உளைகிறது.

நகுலேஸ்வரி

•

14.03.2025, வெள்ளி காலை

நகுலா,

விடிய நாலரைக்கு எழும்பி அவித்ததை நீர் பைப்புக்குள் ஊற்றியிருக்கிறீர். ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். நான் எழுதாததுதான் பிழையாம்!

நேற்று உம்முடைய கடிதத்தை வாசித்துவிட்டு, இன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது உம்மை ஏச நல்ல நல்ல சொல்லாகச் சேர்த்துக்கொண்டு வந்தேன். வந்து குப்பைவாளியைத் திறந்தால் மஞ்சள் பன்றி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஐயாவும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதே இன்றைக்குத்தான் தெரியும்.

உண்மையைச் சொன்னால், தண்ணீரைக் கொட்டாதே என்று மகள் எனக்குச் சொன்னபோது நானும் "ஏன்?" என்றுதான் கேட்டேன். எங்களுக்கு அந்தத் தண்ணீர் அழுக்கு. அவர்களுக்கு அதுதான் சமையல்.

வெள்ளிக்கிழமை நான் இறைச்சி கையாலும் தொடுவதில்லை. சனி, ஞாயிறு வேறு ஆட்கள் வருவார்கள். திங்கள் திரும்பவும் வைக்கிறேன். கொட்டாதீர். கழுவாதீர். மஞ்சள் பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வாரும்.

றஜீனா

•

17.03.2025, திங்கள் பின்னேரம்

மச்சாள்,

சாப்பிட்டார். ஏழு துண்டு. எண்ணினேன்.

வெட்டி வைத்ததும் குனிந்து மணந்து பார்த்தார். பிறகு அவரே கோவா இலையை விரித்து, ஒரு துண்டு வைத்து, கூனியில் இரண்டு வைத்து, மடித்து வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அரை மணித்தியாலம் முடிந்துவிட்டது. போனில் சிவப்பு எழுத்து வந்தது, நான் எழும்பவில்லை.

எட்டாவதையும் சுற்றினார். தன் வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கையை நீட்டி என் வாய்க்கு நேரே பிடித்தார். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். கை இறங்கவில்லை. அவர்கள் இனத்தில் பிரியமானவர்களுக்கு அப்படிச் சுற்றி ஊட்டுவது வழக்கமாம். பிறகு மகள் போனில் சொன்னா. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, நான் மறுத்தால் இந்த மனிதர் நாளைக்குச் சாப்பிடமாட்டார் என்பது மட்டும்தான். வாயைத் திறந்துவிட்டேன்.

உப்பு அளவாக இருந்தது. உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்கு ஒருவர் ஊட்டி எத்தனை வருடம் என்று கோப்பை கழுவும்போது கணக்குப் பார்க்கத் தொடங்கி, அழுகை வருகிறது என்று விட்டுவிட்டேன். பன்றி சமைப்பதும் எனக்குப் புதிது அல்ல. ஹோமுக்குப் போகுமுன் கடைசி ஐந்து மாதமும் பீற்றருக்கு நான்தான் சமைத்தேன். அவருடைய பேர் வரக்கூடாது என்று சொன்னவளே எழுதிவிட்டேன். மறந்துவிடுங்கள்.

நகுலா

•

26.03.2025, புதன் காலை

நகுலா,

நாற்பத்தைந்து கிலோ. இரண்டு தரம் நிறுத்தேன். இன்றைக்குக் கைத்தடியோடு ஜன்னல்வரை தானே நடந்துபோய்த் திரையை விலக்கினார். ஒன்பதாம் திகதி வருகிற பெண் இதைப் பார்க்கட்டும்.

மறக்கச் சொன்னீர். ஒன்பது நாளாக மறக்க முடியவில்லை. நீர் பன்றி சமைத்தீரா? பீற்றருக்கென்று தனிச்சட்டி வைத்து, அதை வீட்டுக்குள் கொண்டுவர விடாமல், அவன் தோட்டத்துக் கொட்டிலில் நின்று சமைத்துச் சாப்பிட்ட கதை எங்கள் குடும்பம் முழுக்கத் தெரியும். நான்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். எப்போது சமைத்தீர்? ஏன் எனக்குச் சொல்லவில்லை?

றஜீனா

•

27.03.2025, வியாழன் காலை. இன்று லீவு, தபாலில் அனுப்புகிறேன்

மச்சாள்,

கேட்டீர்கள், சொல்கிறேன். ஒருதரம்தான் சொல்வேன்.

ஆஸ்பத்திரியால் வந்த இரண்டாம் கிழமை, வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைய, "அக்கா வீட்டுப் பண்டி" என்றார். கொட்டிலிலிருந்து அந்தச் சட்டியை எடுத்துவந்து என் அடுப்பில் வைத்தேன். வீடியோ பார்த்துச் சமைத்து, மிக்சியில் அரைத்து, கரண்டியால் ஊட்டினேன். அழுதார். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருதரம் சமைத்தேன். வீடு முழுக்க மணத்தது. சாமிப்படத்தை மேல்மாடிக்குக் கொண்டுபோய் வைத்தேன், அவ்வளவுதான்.

அவர் தொண்ணூற்றொரு கிலோ. நான் ஐம்பத்திரண்டு. பகலில் ஆறு வீட்டில் ஆட்களைத் தூக்கிவிட்டு வந்து இரவில் அவரைத் தூக்கினேன். குளியலறையில் விழுந்தபோது அம்புலன்ஸ் வர நாலு மணித்தியாலம். ஈரத் தரையில் அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டாம் தரம் விழுந்தபோது இடுப்பெலும்பு போனது. மூன்றாவதற்கு நான் காத்திருக்கவில்லை. கையெழுத்து வைத்தேன்.

நீங்கள் ஞாயிறு பூசை முடிந்து கேக்கோடு வருவீர்கள். நாலு மணிக்குப் பஸ் என்று எழும்புவீர்கள். ஒரு இரவு நில்லுங்கோ என்று நான் கேட்கவில்லை, ஓம். கேட்காமலே நிற்கிற ஆள் என்று உங்களை நினைத்திருந்தேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

நகுலா

•

07.04.2025, திங்கள் காலை

நகுலா,

உம்முடைய கடிதத்தைப் பத்து நாளாகக் கைப்பையில் கொண்டு திரிகிறேன். எழுத வேண்டாம் என்றீர். எழுதவும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு எழுதுவது வேறு விசயம்.

வரும்போது மூக்குக்குப் புகை மணம் வரும், பயப்படாதீர். நேற்று ஞாயிறு ஐயா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு தனியே கடைக்குப் போயிருக்கிறார். இறைச்சி, லீக்ஸ், எல்லாம் சரியாக வாங்கி, அடுப்பில் வைத்துவிட்டுக் கதிரையில் நித்திரையாகிவிட்டார். தண்ணீர் வற்றிச் சட்டி கருகி, அலாரம் அடித்து, பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்பு ஆட்களைக் கூப்பிட்டிருக்கிறார். சட்டியைத் தூக்கப்போய் வலது உள்ளங்கை வெந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறது.

மேசையில் மூன்று கிண்ணம், மூன்று சோடி சாப்பாட்டுக் குச்சி. ஞாயிற்றுக்கிழமை நீரும் நானும் வருவதில்லை என்பது அவருக்கு நினைவில்லை.

நகுலா, அவரை அடுப்படிவரை நடக்க வைத்தது நாங்கள்தான். சாப்பிடாமல் கிடந்திருந்தால் இந்த மனிதர் அடுப்புக்கே போயிருக்கமாட்டார்.

சோசல் வேர்க்கர் போன் எடுத்தா. புதன்கிழமை வருவதற்கு முன் நான் எழுத்தில் கொடுக்க வேண்டுமாம், காலையில் காண்கிற ஆள் நான் என்றபடியால். ஐயா இந்த வீட்டில் தனியே இருக்கலாமா, இருக்கக்கூடாதா? ஒரு பக்கம் எழுதச் சொன்னா. இருக்கலாம் என்று எழுதினால் விட்டுவிடுவார்களாம், எடை கூடியிருக்கிறது என்று. மகளைக் கேட்டேன். "உங்களுக்குத்தான் தெரியும்" என்று அழுகிறாள்.

நான் என்ன எழுத? உம்மைத்தான் கேட்கிறேன். வேறு யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

றஜீனா

•

07.04.2025, பின்னேரம்

மச்சாள்,

நான் சொல்லமாட்டேன். எனக்கும் யாரும் சொல்லவில்லை.

கட்டை மாற்றினேன். நீர்க்கொப்புளம் பெரிது. இடது கையால் சாப்பிட வராது, ஊட்டினேன். மூன்று துண்டு. நேற்றைய கிண்ணங்களை எடுத்துக் கழுவப் போனேன், விடவில்லை. இன்னும் மேசையில் இருக்கின்றன.

நீங்கள் என்ன எழுதினாலும் அன்றைக்கு நித்திரை வராது. அதை மட்டும் எனக்குத் தெரிந்ததாகச் சொல்கிறேன். ஆனால் உங்களை நான் ஹோலில் வைத்து ஏசமாட்டேன்.

நகுலா

•

10.04.2025, வியாழன்
இந்த வீட்டில் எழுதும் கடைசிக் கடிதம்

நகுலா,

எழுதிக் கொடுத்துவிட்டேன். தனியே இருப்பது ஆபத்து, அடுத்த முறை அயலவர் வீட்டில் இல்லாமல் போகலாம் என்று எழுதினேன். எழுதி முடித்து என் பேரை வைக்கும்போது பேனையை இரண்டு தரம் கீழே வைத்தேன். நேற்று அந்தப் பெண் வந்து பத்து நிமிடம் இருந்தா. திங்கட்கிழமை கொண்டுபோகிறார்கள்.

ஐயாவுக்கு மகள் போனில் சொன்னாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து "நோ ஹோம்?" என்றார். இவ்வளவு நாளும் சொன்னதை இன்றைக்குக் கேள்வியாகக் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஓம் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. எங்கள் தலையாட்டலை யார்தான் விளங்கிக்கொள்வது.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நான் ஒரு மாதம்தான் இந்த மனிதரைப் பார்த்தேன், அதுவும் காலையில் அரை மணித்தியாலம். என் தகப்பனும் இல்லை, தம்பியும் இல்லை. அவருக்காக ஒரு பக்கம் எழுதிவிட்டு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நீர் இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவனுக்குக் கையெழுத்து வைத்தீர். வைத்துவிட்டு வந்து சேர்ச் ஹோலில் கேக் தட்டோடு நின்றீர். அந்தத் தட்டு ஆடியது எனக்கு நினைவிருக்கிறது. ஆடியதைக் கண்டுகொண்டுதான் கத்தினேன்.

நான் செய்தது அநியாயம். தம்பிக்காகக் கத்தினேன் என்றுதான் இவ்வளவு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஒரு இரவுகூட அவனோடு நிற்காத வெட்கத்தை உம்முடைய தலையில் கொட்டினேன். நாலு மணிக்குப் பிறகும் பஸ் இருந்தது, நகுலா. பத்தரை மணிவரை இருந்தது.

எங்கே கத்தினேனோ அங்கேயே சொல்கிறேன். உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணீருக்கு எல்லோரும் ஹோலில் கூடுவார்கள். அன்றைக்கு இருந்த அந்த நாற்பது பேரும் இருப்பார்கள். நீர் வந்து என் பக்கத்தில் நின்றால் போதும், நான் வாய்திறந்து சொல்வேன்.

ஐயா போகிற ஹோமில் சனிக்கிழமை வெளிச்சாப்பாடு கொண்டுவரலாமாம். அவிப்பது நான். வெட்டு உமக்குத்தான் வரும்.

றஜீனா மச்சாள்

•

14.04.2025, திங்கள்
டூட்டிங்

மச்சாள்,

வீட்டைப் பூட்டிவிட்டார்கள். அதனால் முத்திரை ஒட்டி அனுப்புகிறேன். ஐயாவை ஏற்றும்போது நான் நின்றேன். தொப்பியைத் தேடித் தேடிப் போட்டுக்கொண்டு போனார். சனிக்கிழமை வெட்டுவதற்கு வருகிறேன்.

ஹோலில் ஒன்றும் சொல்ல வேண்டாம். நாற்பது பேர் என்னைப் பாவம் என்று பார்ப்பார்கள். அதற்கும் நின்று முகம் கொடுக்க வேண்டும், எனக்கு ஏலாது. எழுதினதை வாசித்தேன். இரண்டு தரம் வாசித்தேன். போதும்.

உங்களுக்கு மனம் ஆறவில்லை என்றால் ஒன்று செய்யுங்கள். வியாழக்கிழமை எனக்கு லீவு. அந்த ஒரு நாள்தான் லீவு. இரண்டு வருடமாக ஒரு வியாழன் தவறாமல் காலை பத்து மணிக்கு ஹோமில் பீற்றரிடம் போய் ஐந்து மணிவரை இருக்கிறேன். வருகிற வியாழன் நீங்கள் போங்கள். பெரிய வியாழன் என்று தெரியும், உங்களுக்குப் பூசை பின்னேரம்தானே. கால் நகம் வளர்ந்துவிட்டது. வலது கால் விறைப்பு, வெந்நீரில் கொஞ்சநேரம் ஊறவிட்டுத்தான் வெட்டலாம். நான் எங்கே என்று கேட்பார். நாலைந்து தரம் கேட்பார். ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்கிற மாதிரியே பதில் சொல்லுங்கள்.

நான் வீட்டில் நித்திரை கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

நகுலா